நெற்றியில் ஒளித்த ஒளி

1884ஆம் ஆண்டு, ஸ்பெயின் நாட்டின் அரகோன் பகுதியில், அல்மொனாஸித் என்னும் சிற்றூரில் பழைய வீடு ஒன்றை இடித்துக் கொண்டிருந்தார்கள். தளத்துப் பலகைகளைப் பெயர்த்தபோது அவற்றின் அடியில் இன்னொரு தளம் தென்பட்டது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி; அதனுள் அடுக்கடுக்காக ஏடுகள். வேலையாட்களுக்கும் வேடிக்கை பார்க்க வந்த சிறுவர்களுக்கும் அவ்வெழுத்து இன்னதென்று விளங்கவில்லை. சிறுவர்கள் கிழித்து விளையாடினார்கள். பல ஏடுகள் தீக்கிரையாயின. செய்தி எட்டிய பின் சரகோசா நகரத்துப் பேராசிரியர் பாப்லோ ஹில் முதலியோர் முயன்று எஞ்சியவற்றைக் காத்தனர். அவற்றிற் பெரும்பகுதி இன்று மாட்ரிட் நகரத்து ஆய்வு நூலகம் ஒன்றில் இருக்கிறது.

எழுத்து அரபி. தொடக்கம் பிஸ்மில்லாஹ். ஆயினும் அரபி கற்ற ஆலிம் ஒருவர் அதை எடுத்து ஓதத் தொடங்கினால் இரண்டாம் வரியிலேயே தடுமாறிப்போவார். எழுத்துக்கள் அரபியாயிருக்க, சொற்களோ ஸ்பானிய மொழியினுடையவை. தங்கள் தாய்மொழியை அரபி எழுத்தில் எழுதி, வீட்டுத் தளத்தின் அடியில் ஒளித்துவைத்துவிட்டு ஒரு சமுதாயம் நாடு கடத்தப்பட்டுவிட்டது. ஒளித்தவர் திரும்பி வரவில்லை. ஏறத்தாழ 275 ஆண்டுகள் அந்த ஏடுகள் யாருடைய காலடியிலோ கிடந்திருக்கின்றன.

அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருந்த வீட்டில் பிறந்த நமக்கு இதில் வியப்படைய அதிகம் இல்லை. உம்மம்மாவின் மரப்பெட்டியில், மடித்த வெள்ளைத் துப்பட்டிக்கு அடியில், அரபி எழுத்தில் தமிழ் பேசும் கிதாபு ஒன்றையாவது நம்மிற் பலர் சிறு வயதில் கண்டிருக்கிறோம். அதனாலேயே ஸ்பானிய முஸ்லிம்களின் இவ்விலக்கியத்தை நாம் படித்தறிவது நலம் என்று எண்ணுகிறேன். ஐரோப்பிய அறிஞர்கள் இதனை 'அல்ஹமியாதோ' என்பர். 'அஜமிய்யா' என்ற நம் அரபிச் சொல்லே திரிந்து அவ்வாறாயிற்று. அரபியரல்லாதார் மொழி என்பது அதன் பொருள். சுமார் 200 கைப்பிரதிகள் இன்று உலக நூலகங்களில் எஞ்சியிருக்கின்றன.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1492இல் கிரனடா வீழ்ந்தது. சரணடைந்த முஸ்லிம்களின் மார்க்கமும் பள்ளிவாசல்களும் வழக்கங்களும் காக்கப்படும் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. அது பத்தாண்டு கூட நிலைக்கவில்லை. 1499இல் கிரனடாவுக்கு வந்த பேராயர் சிஸ்னேரோஸ் கட்டாய ஞானஸ்நானத்தைத் தொடங்கினார். அரபி நூல்கள் சதுக்கத்தில் குவித்து எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்கள் மட்டும் விலக்குப் பெற்றன. 1502இல் காஸ்தீல் பகுதியிலும் 1526இல் அரகோனிலும் ஞானஸ்நானம் பெறு, அல்லது நாட்டை விட்டு நீங்கு என்ற ஆணை வந்தது. வெளியே கிறிஸ்தவராகவும் உள்ளே முஸ்லிம்களாகவும் வாழ்ந்த அந்த மக்களையே மோரிஸ்கோக்கள் என்று குறிப்பிடுவர். 1504இல் வட ஆப்பிரிக்க முஃப்தியாகிய அஹ்மது இப்னு அபீ ஜும்ஆ அவர்கள் இம்மக்களுக்கென ஒரு ஃபத்வா எழுதி அனுப்பினார்கள். தொழுகையைச் சைகையாலேனும் நிறைவேற்றலாம், பகலில் தவறியதை இரவில் தொழலாம், நிர்ப்பந்தத்தில் நாவு சொல்வதை உள்ளம் மறுத்தால் போதும் என்னும் பொருள்பட அது அமைந்தது. ஃபிக்ஹு கற்றோர் அதனை ஒருமுறை கண்ணீரின்றிப் படித்துவிட முடியுமா என்பது ஐயமே.

ஒரு மக்களை மக்களாகக் கட்டி நிறுத்துவது எது என்ற கேள்வி இங்கே எழுகிறது. இக்கேள்வியை அரசவையில் எழுப்பி எழுத்து வடிவில் வாதிட்டவர் பிரான்ஸிஸ்கோ நூனியெஸ் முலே என்னும் கிரனடா முதியவர். 1567ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டாம் பிலிப் மன்னனின் ஆணை ஒன்று கிரனடாவில் பறைசாற்றப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் எல்லாரும் ஸ்பானிய மொழி கற்றுவிட வேண்டும். அதன்பின் வீட்டுக்குள் கூட அரபி பேசலாகாது. பெண்கள் முகத்தை மூடலாகாது. பழைய உடை கூடாது, பழைய பெயர் கூடாது, குளிப்பு மண்டபங்கள் இருக்கக்கூடாது. வெள்ளிக்கிழமைகளிலும் மணநாட்களிலும் வீட்டுக் கதவு திறந்தே கிடக்க வேண்டும்.

முலே அவர்கள் எழுதிய விண்ணப்பம் ஒரு தேர்ந்த வழக்குரையாகும். 'உடை ஊரைப் பொறுத்தது. துருக்கியர் உடை வேறு, ஃபாஸ் நகரத்தார் உடை வேறு, எங்கள் பெண்கள் உடை வேறு. ஆகவே உடைக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை. பைத்துல் முகத்தஸ் பகுதிக் கிறிஸ்தவர்கள் அரபி பேசுகிறார்கள், மால்டாத் தீவினரும் பேசுகிறார்கள்; ஆகவே மொழிக்கும் மதத்துக்கும் தொடர்பில்லை. குளிப்பு மண்டபம் அழுக்குப் போக்கவே' என்ற போக்கில் அவர் வாதம் செல்கிறது. எதிராளியின் ஆயுதத்தையே பிடுங்கிக் கொள்ளும் சாமர்த்தியம் அதில் இருக்கிறது. ஆனால் அரசு செவிசாய்க்கவில்லை. 1568இன் இறுதியில் அல்புஹாரா மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்தது. 1571க்குள் அது அடக்கப்பட்டு, கிரனடாவின் மோரிஸ்கோக்கள் காஸ்தீல் எங்கும் சிதறடிக்கப்பட்டனர்.

முலேயின் வாதம் சரியா? வழக்காடும் முறையில் சரி. உண்மையில் அது பாதியே சரி என்பது என் கருத்து. மருதாணியும் தரையில் அமர்ந்து உண்பதும் மார்க்கத்தின் கடமைகள் அல்ல என்பது மத்ரசாவின் முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். எனினும், மோரிஸ்கோக்களை விசாரித்த மதவிசாரணை மன்றங்கள் இவற்றையெல்லாம் பட்டியலிட்டுக் குற்றத்தின் அடையாளமாகக் கொண்டன. கையில் மருதாணிச் சிவப்பு இருந்தால் விசாரணை. பன்றி இறைச்சியை மறுத்தால் விசாரணை. மய்யித்தைப் புதுத்துணியில் பொதிந்தால் விசாரணை. விளைவு என்ன? அதுவரை ஊர்வழக்கமாக மட்டும் இருந்த மருதாணி, தடை வந்த நாளிலிருந்து ஈமானின் சாயலைப் பெற்றுவிட்டது. தடுத்தவனே அதற்கு அத்தகுதியைக் கொடுத்தான். வழக்கம் வேறு, மார்க்கம் வேறு என்று நூலில் பிரித்துவிடலாம். அச்சத்தில் வாழ்கின்ற ஒரு தாயின் வீட்டில் அவை பிரிந்து நிற்பதில்லை.

நிற்க. கிரனடாவின் மக்களுக்கேனும் அரபி இருந்தது. அரகோன் முஸ்லிம்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே அரபி பேச்சை இழந்துவிட்டிருந்தார்கள். அண்டை வீட்டுக் கிறிஸ்தவன் பேசிய அதே மொழியையே அவர்களும் பேசினார்கள். பள்ளிவாசல் இல்லை, பாங்கு இல்லை, மதரஸா இல்லை. இத்தனையும் போன பின்னரும், 1526 முதல் 1610 வரை, மூன்று நான்கு தலைமுறைகள் அவர்கள் முஸ்லிம்களாகவே இருந்தார்களே, எதைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்? அவர்கள் விட்டுச்சென்ற ஏடுகளைப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

குர்ஆனின் தேர்ந்த சூராக்கள் பொருளோடு இருக்கின்றன. தொழுகை, நோன்பு, பேறுகாலம், கஃபன் பற்றிய சட்டங்கள் இருக்கின்றன. துஆக்கள் இருக்கின்றன. தாயத்துக்களும் கனவுப் பலனும் கைவைத்தியமும் கூட இருக்கின்றன. அவற்றை நான் மறைக்க விரும்பவில்லை. இவற்றின் நடுவே கதைகள், கதைகள், கதைகள்! யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு செய்யுளாக இருக்கிறது. அலீ (ரலி) அவர்கள் முதலியோர் பொருத போர்களின் கதைகள் ஒரு பெருந்தொகுப்பாக உள்ளன. கடல் கடந்து ஹஜ்ஜுக்குப் போய்த் திரும்பிய ஓர் அரகோன் நாட்டார் தம் பயணத்தைப் பாட்டாகக் கட்டிவைத்திருக்கிறார். வாசகர்கள் இங்கே நம் யூசுபு நபி கிஸ்ஸாவையும் படைப்போர் இலக்கியங்களையும் நினைத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். இரு நாட்டாரும் ஒருவரையொருவர் அறிந்தவரல்லர். ஒரே ஊற்றிலிருந்து இரு வாய்க்கால்கள் பிரிந்து, ஒன்றையொன்று காணாமல் ஓடி, ஒரே வகைப் பயிரை விளைத்திருக்கின்றன.

ஸ்பானிய இலக்கிய வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் இவ்வேடுகளைப் பொருட்படுத்தவில்லை. 1878இல் எத்வார்தோ ஸாவெத்ரா என்னும் அறிஞர் தம் நாட்டு மொழிக் கழகத்தில் ஆற்றிய உரையோடு ஒரு பட்டியலை வெளியிட்ட பின்னரே கவனம் திரும்பத் தொடங்கிற்று. அதன் பின்னும், மொழிபெயர்ப்பு நடை, கூறியது கூறல், புதுமையின்மை என்ற குறைகள் சொல்லப்பட்டன. குறைகள் உண்மையே. சொற்றொடர் அரபியின் போக்கில் வளைகிறது. 'படைத்தான்' என்பதற்கு நல்ல ஸ்பானியச் சொல் இருக்க, 'கலக்க' என்னும் அரபி வினையை எடுத்து ஸ்பானிய விகுதி ஒட்டி 'ஹலெகார்' என்று எழுதினார்கள். தொழுகைக்கு ஸலாத் என்பதையே 'அஸ்ஸலா' என்று வைத்துக்கொண்டார்கள். இலக்கணப் புலவர் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

அவர் சுளிக்கட்டும். நமக்கு இங்கே எண்ணிப் பார்க்க ஒன்று உண்டு. நாமும் 'மவுத்தானார்' என்கிறோம், 'நிய்யத்து வைத்தேன்' என்கிறோம். அரபிப் பெயருக்குத் தமிழ் வினை ஒட்டுகிறோம். ஆனால் மார்க்கத்தின் தலையாய கடமைகளுக்கு நம் முன்னோர் தொழுகை, நோன்பு என்ற தூய தமிழ்ச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். குர்ஆனை 'ஓது'கிறோம், அந்த வினை தமிழில் மறை ஓதுதலுக்குப் பல நூற்றாண்டுகளாக வழங்கிவந்தது. அதை எடுத்து ஆள்வதில் நம் முன்னோருக்கு அச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. தமிழ் அவர்களுக்குப் பகைவன் மொழியாக ஒருநாளும் இருந்ததில்லை. மோரிஸ்கோவுக்கோ வழிபாட்டைக் குறித்த ஸ்பானியச் சொற்கள் எல்லாம் தேவாலயத்துக்கு அடிமைப்பட்டுக் கிடந்தன. தாய்மொழியே ஆனாலும் அதில் தொழுகைக்கு ஒரு சொல் எடுக்க அவனுக்குக் கூசிற்று. ஒரு சமுதாயம் தான் வாழும் நாட்டோடு எவ்வாறு இருந்தது என்பதை அதன் கலைச்சொற்கள் ஓசையின்றிச் சொல்லிவிடுகின்றன.

இனி, இவ்விலக்கியத்தில் தலைசிறந்தது என நான் கருதும் ஒரு நூலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ருவேதா தெ ஹலோன் என்ற அரகோன் ஊரைச் சேர்ந்த முஹம்மது ரபதான் என்பவர் 1603ஆம் ஆண்டில் ஒரு நெடுங்கவிதை இயற்றினார். 'ஒளியின் உரை' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். ஆதம் (அலை) அவர்களின் நெற்றியில் வைக்கப்பெற்ற நூரே முஹம்மதிய்யா, தலைமுறை தலைமுறையாக நபிமார்களின் நெற்றியில் விளங்கி, இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) வழியே ஹாஷிம், அப்துல் முத்தலிபு, அப்துல்லாஹ் என இறங்கி, இறுதியில் கண்மணி நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பில் நிறைவதை அது பாடுகிறது. கிராமத்து மக்கள் நாவில் பழகிய நாட்டுப்பாடல் யாப்பே அதன் யாப்பு. விசாரணை மன்றத்துக்கு அஞ்சி நூல்கள் மறைந்தும் அழிந்தும் போனதையும், அறிந்தோர் அருகிப்போனதையும் ஆசிரியர் முன்னுரையில் எண்ணி வருந்துகிறார்.

நம் சீறாப்புராணத்தின் தலைமுறைப் படலம் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். ரபதானுக்குச் சில பதின்ம ஆண்டுகள் பின்னே, 17ஆம் நூற்றாண்டில், உமறுப்புலவர் அதே பேரொளி வழிவழியாக இறங்கிவந்த வரலாற்றைத் தமிழில் பாடினார். உமறு காவியப் புலவர். சீதக்காதி, அபுல் காசிம் மரைக்காயர் ஆகிய வள்ளல்களின் ஆதரவு அவருக்கு இருந்தது. சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் கல்வி நிழலும் அவர் நூலுக்கு வாய்த்தது. ஆகவே நாட்டுப் படலத்தில் அரபு நாட்டுக்கு மழையும் ஆறும் வயலும் கொடுத்து, தமிழ்க் காவிய மரபின்படி ஒரு மண்ணையே படைத்துக்கொண்டார். ரபதானுக்கு வள்ளலும் இல்லை, அவையும் இல்லை. உவமை குறைவு, வருணனை வறட்சி. கவிதைத் திறத்தில் உமறுக்கு அருகில் அவரை வைக்க இயலாது என்பதைத் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

ஆயினும் ரபதானின் நூலில் ஓர் இடம் என்னை உறங்கவிடவில்லை. அது ஒரு செய்யுள் அன்று. நூல் முழுதும் ஓடுகின்ற ஒரு படிமம். நெற்றியில் ஒளி. ஒவ்வொரு நபியின் நெற்றியிலும், ஒவ்வொரு முன்னோரின் நெற்றியிலும் அந்த ஒளி தோன்றுகிறது, கண்டவர் வியக்கின்றனர், அதை மறைக்க முடிவதில்லை, பகைவர் அதைக் கண்டே கொல்லத் தேடுகின்றனர். இதே செய்தி அரபியிலும் உண்டு, தமிழிலும் உண்டு. ஆனால் இதை ஓர் அரகோன் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, தணிந்த குரலில் படித்தவர்கள் யார்? பிறந்த குழந்தையைத் தேவாலயத்துக்குத் தூக்கிச் சென்று, பாதிரியார் அதன் நெற்றியில் எண்ணெய் பூச விட்டு, வீடு திரும்பியதும் வெந்நீரால் அந்த எண்ணெயைக் கழுவித் துடைத்தவர்கள். மோரிஸ்கோக்கள் இவ்வாறு செய்கிறார்கள் என்று அக்காலத்துக் கிறிஸ்தவர்கள் மீண்டும் மீண்டும் முறையிட்டிருக்கிறார்கள். பகலில் தன் முகத்தை மறைத்து வாழ வேண்டியவனுக்கு, மறைக்கவே முடியாத ஒளி ஒன்று தன் நபியின் முன்னோர் நெற்றியில் இருந்தது என்ற கதை எப்படி இனித்திருக்கும்! உமறுவின் வாசகனுக்கு அது அழகு. ரபதானின் வாசகனுக்கு அது மூச்சு. ஒரே செய்தி, கேட்பவனின் நிலைமையால் வேறு இலக்கியமாகிவிடுகிறது. திறனாய்வாளர் நூலை மட்டும் எடைபோட்டு, கேட்டவனை எடைபோட மறப்பதே இவ்வேடுகள் 'வறண்டவை' என்று ஒதுக்கப்பட்டதற்குக் காரணம்.

இங்கே ஆலிம்கள் எழுப்பக்கூடிய தடை ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. ரபதான் தம் கவிதைக்கு மூலமாகக் கொண்டது அபுல் ஹஸன் அல்பக்ரீ என்பவரின் 'கிதாபுல் அன்வார்'. இந்த பக்ரீயை இமாம் தஹபீ அவர்கள் தம் 'மீஸானுல் இஃதிதால்' நூலில் பொய்யர் என்றே கடிந்திருக்கிறார்கள். ஆக, ஸ்பெயினில் தீனைக் காத்த கவிதை, ஹதீஸ் கலையின் தராசில் நிற்காத ஒரு நூலின் தோளில் ஏறி வந்தது. நம் சீறாவிலும் மானுக்குப் பிணை நின்ற படலம் போன்றவை குறித்து முஹத்திஸ்கள் ஐயம் எழுப்பிய அறிவிப்புக்கள் இல்லாமலில்லை. அப்படியானால் இவற்றை என்ன செய்வது?

இக்கேள்விக்கு நான் ஒருகாலத்தில் மிக எளிதாக விடை சொன்னவன். 1993ஆம் ஆண்டு, மத்ரசாவிலிருந்து ஸனது வாங்கிவந்த புதிது. கடலோர ஊர் ஒன்றில் ஓதிக்கொடுக்கும் பணி. ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் பெண்கள் கூடி, வயது முதிர்ந்த ஒருவர் அரபுத்தமிழ்க் கிதாபைப் பார்த்து ராகத்தோடு மான் கதையைப் படிக்க, மற்றவர்கள் கேட்பது வழக்கம். வீட்டாரை அழைத்து, அக்கதைக்கு உறுதியான ஸனது இல்லை என்று அறிவிப்பாளர் வரிசையோடு விளக்கினேன். திரைக்குப் பின்னாலிருந்து அம்மூதாட்டி கேட்டார்கள்: "ஆலிம்சா, நீங்க ஓதுன ஆளு, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப புள்ளைகளுக்கு எதைப் படிச்சுக் காட்டட்டும்? ஒண்ணு சொல்லிட்டுப் போங்க." பிறகு ஒருநாள் சொல்வதாகக் கூறி எழுந்தேன். அந்தப் பிறகு வரவேயில்லை. மறு ஆண்டு அந்த முற்றத்தில் பாய் விரிக்கப்படவில்லை. நான் ஒரு பித்அத்தை நீக்கிவிட்டதாக அன்று மகிழ்ந்தேன். அதனிடத்தில் எதையும் வைக்காமல் வந்தேன் என்பது உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

தஹபீ அவர்களின் தீர்ப்பை நான் இன்றும் ஏற்கிறேன். பொய் பொய்தான், ஊர் அழுதது என்பதற்காக அது மெய்யாகிவிடாது. ஆனால் அந்த இமாம்கள் தாங்கள் பலவீனம் என்று கண்டவற்றை என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். திர்மிதீ இமாம் பல அறிவிப்புக்களை எழுதிவைத்து, அவற்றின் அடியிலேயே குறையைச் சொன்னார்கள். இப்னுல் ஜவ்ஸீ அவர்கள் இட்டுக்கட்டப்பட்டவற்றையே திரட்டித் தனி நூலாக்கினார்கள். ஏடு நின்றது, தீர்ப்பும் நின்றது. நாம் அவ்வாறு செய்தோமில்லை. தீர்ப்பைச் சொல்லி ஏட்டைத் தூக்கி எறிந்தோம். அல்லது ஏட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தீர்ப்பைக் காதில் வாங்க மறுத்தோம். நம் ஊர்களில் இந்த இரு சாராரும் முப்பது நாற்பது ஆண்டுகளாக வழக்காடுகிறார்கள். இருவரில் எவரும் சீறாவை முழுதும் படித்தவராகத் தெரியவில்லை என்பது என் குறை.

நாடு கடத்தப்பட்ட மோரிஸ்கோக்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டனர். இந்த அவலம் ஸ்பானிய இலக்கியத்தின் பெருநூலாகிய 'தோன் கிஹோத்தே'யிலும் பதிந்திருக்கிறது. 1615இல் வந்த இரண்டாம் பாகத்தில், நாடு கடத்தப்பட்ட ரிக்கோத்தே என்ற மோரிஸ்கோ வேற்றுருவில் ஒளிந்து திரும்பி, தன் பழைய அண்டை வீட்டுக்காரனைச் சந்திக்கிறான். ஸெர்வாந்தெஸ் அரசனைப் புகழ்கிற சொற்களையும் அவன் வாயில் வைத்தார். பிறந்த மண்ணுக்கு ஏங்கி அழும் சொற்களையும் வைத்தார். எது ஆசிரியரின் உள்ளம் என்று இன்றளவும் அறிஞர் வழக்காடுகின்றனர்.

பலர் தூனிஸ் நாட்டில் இறங்கினார்கள். உதுமான் தாய் என்ற ஆட்சியாளர் அவர்களை வரவேற்று இடம் கொடுத்தார். மஜர்தா ஆற்றங்கரையில் தஸ்தூர் என்ற ஊரை அவர்கள் எழுப்பினார்கள். அதன் பள்ளிவாசல் மினாரா அரகோன் நாட்டுக் கோபுரங்களின் சாயலில் நிற்கிறது. அந்தலூஸிய இசை மரபாகிய மாலூஃபுக்கு அவ்வூர் இன்றும் பெயர் பெற்றது. தூனிஸ் நகரத்துச் சிவப்புத் தொப்பித் தொழில் அவர்களின் கைத்திறத்தால் வளர்ந்தது. இங்கேதான் வேடிக்கையான ஒரு செய்தி உண்டு. ஸ்பெயினில், அரபி குற்றமாயிருந்த இடத்தில், அவர்கள் ஸ்பானியத்தை அரபி எழுத்தில் எழுதினார்கள். அரபி அரியணையில் இருந்த தூனிஸுக்கு வந்ததும், தங்கள் மார்க்க நூல்களை ஸ்பானிய மொழியில், அதுவும் இலத்தீன் எழுத்தில், எழுதத் தொடங்கினார்கள்! தாங்கள் அறிந்த மொழி அது ஒன்றே. பிள்ளைக்குக் கலிமாவின் பொருளை அந்த மொழியிலேயே சொல்ல முடிந்தது. அரபி எழுத்து அவர்களுக்கு ஒரு வேலியாக இருந்தது. வேலிக்குத் தேவை தீர்ந்ததும் அதைப் பிடுங்கிவிட்டார்கள். உள்ளே இருந்த பயிரை விடவில்லை. 1719இல் ஜோசப் மார்கன் என்னும் ஆங்கிலேயர் தஸ்தூரில் ரபதானின் கவிதைப் பிரதியொன்றை வாங்கினார். நாடிழந்து நூறாண்டுகள் கடந்தும் அந்த ஊரில் ஒரு வீட்டில் அது இருந்திருக்கிறது. அப்பிரதி இன்று இலண்டனில் உள்ளது. தஸ்தூரில் ஸ்பானியப் பேச்சு பின்னர் மெல்ல மறைந்து, பிள்ளைகள் அரபியராகவே ஆனார்கள். அதை நான் இழப்பு என்று முழுமையாகச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு மறக்கும் உரிமை கிடைத்தது. மறைக்கும் கட்டாயம் நீங்கிற்று.

நம் அரபுத்தமிழின் கதை இதற்கு மாறானது. எந்த மன்னனும் அதைத் தடுக்கவில்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்னும் இமாமுல் அரூஸ் அவர்கள் (1816-1898) 'ஃபத்ஹுத் தய்யான்' முதலிய நூல்களை அதில் இயற்றினார்கள். அவை இலங்கை வரை வீடுதோறும் ஓதப்பட்டன. சித்தி லெப்பை அவர்கள் 1882இல் கண்டியில் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' அரபுத்தமிழையும் ஏற்றுக்கொண்டது. பெண்கள் வீட்டுக்குள்ளேயே எழுத்தறிவு பெற்றதற்கு அவ்வெழுத்தே வாயிலாக இருந்தது. குர்ஆன் ஓதக் கற்ற சிறுமிக்கு மேலும் சில எழுத்துக்களைக் காட்டினால் போதும், ஒரு நூலகமே திறந்தது. பள்ளிக்கூடத் தமிழ் வந்ததும் அத்தேவை தீர்ந்தது. எழுத்து தானே ஒதுங்கிற்று. எழுத்து போனதற்காக நான் அழவில்லை. தஸ்தூர்க்காரர் செய்ததுபோல் உள்ளிருந்ததை வேறு எழுத்துக்கு மாற்றிக்கொண்டோமா என்பதே என் கேள்வி. சில நூல்கள் தமிழ் எழுத்தில் அச்சேறின. அச்சேறாதவை எத்தனை? கிழிந்த குர்ஆன் பிரதிகளோடு சேர்த்துக் கிணற்றிலும் கடலிலும் மரியாதையாக விடப்பட்டவை எத்தனை? அல்மொனாஸித் சிறுவர்களுக்காவது அந்த எழுத்து தெரியாது.

என் உம்மம்மாவின் கிதாபு ஒன்று என்னிடம் இருக்கிறது. அட்டை இல்லை. மாலைகளும் முனாஜாத்தும் கலந்த தொகுப்பு. கடைசி வெற்றுத்தாளில், கட்டைப் பேனாவால், அரபுத்தமிழில், வீட்டில் நடந்த பிறப்பு இறப்புக்களை ஹிஜ்ரிக் கணக்கில் குறித்திருக்கிறார்கள். நெல் கடன் கொடுத்த கணக்கும் நடுவில் வருகிறது. சென்ற ரமலானில் என் பேத்தி, ஒன்பது வயது, அதைப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்றாள். குர்ஆனில் காணாத எழுத்தொன்றில் நின்றுவிட்டாள். "வாப்பப்பா, இந்த எழுத்துக்குக் கீழே புள்ளி எதுக்கு?" என்றாள். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அது மையா, பூச்சி அரித்த துளையா என்று எனக்கும் உடனே புலப்படவில்லை. இருவரும் அந்தச் சொல்லை நாலைந்து விதமாகப் படித்துப் பார்த்தோம். மஃரிபு பாங்கு சொல்லிவிட்டார்கள். நோன்பு திறக்க எழுந்தோம். அச்சொல் ஒரு குழந்தையின் பெயர் என்பது மட்டும் விளங்கிற்று. அப்பெயரில் எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருந்ததாக எனக்கு எவரும் சொன்னதில்லை.